ஈசானிய வாசல்

தோற்ற நாற்பதாம் நாள்
பொதுப்பணித் துறையிலிருந்து இரண்டு பேர் வந்து
நாங்கள் காலி செய்யவேண்டிய பங்களாவில்
மின்விசிறிகளை எண்ணினார்கள்.
பதினேழு. ரசீதில் பதினெட்டு.
ஒன்றை யார் கொண்டுபோனார்கள் என்பதில்
ஒரு மணி நேரம் போயிற்று.
தேசத்தை யார் கொண்டுபோனார்கள் என்று பேச
மூன்று மணிக்குக் கூட்டம்.

நான் குறிப்பெடுக்கிறவள்.
இருபத்தாறு வருஷமாக இந்தத் தில்லியில்
இந்தியில் கேட்டு,
தெற்கிலிருந்து வருகிறவர்கள் காதில் தமிழில் சொல்கிறவள்.
'திஷா' என்றார் தலைவர். திசை என்றேன்.
'நயீ திஷா.' புதிய திசை.
'சஹீ திஷா.' சரியான திசை.
ஐந்தாவது தடவை
திருநெல்வேலிக்காரர் என் பக்கம் சாய்ந்து
"எந்தப் பக்கம்னு கேட்டுச் சொல்லும்மா" என்றார்.
அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

ஜூலை. சாலை நெடுக நாவல் மரங்கள்.
ஆட்சியில் இருந்தபோது விடியுமுன் கூட்டிவிடுவார்கள்.
இப்போது விழுந்தது விழுந்தபடி.
உறுப்பினர்கள் மிதித்துக்கொண்டே வருகிறார்கள்.
கம்பளத்தில் ஊதாத் தடங்கள்
வாசலிலிருந்து நாற்காலிக்கு,
நாற்காலியிலிருந்து தலைவர் அறைக்கு,
மறுபடி நாற்காலிக்கு.
பன்வாரி சோடா உப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு
"போகாது மேடம்" என்றான்.

லலித்பூரிலிருந்து ஒருவர் வந்திருந்தார்,
சுக்கன் அஹிர்வார், பூத் ஏஜென்ட்.
நிஜாமுதீனில் இறங்கி நடந்தே வந்தவர்.
நான்கு நாள் வரவேற்பறையில் இருந்தார்,
ஒரே பாட்டிலில் திரும்பத் திரும்பத் தண்ணீர் பிடித்துக்கொண்டு.
உள்ளே அவரைப் பற்றித்தான் பேச்சு:
அடிமட்டத் தொண்டன், அடிமட்டத் தொண்டன்.
யாரும் கூப்பிடவில்லை.

நான்காம் நாள் மதியம் கரண்ட் போன நேரம்
என் மேஜைக்கு வந்து ஒரு தாளைப் பிரித்தார்.
"எங்கள் வீட்டில் பன்னிரண்டு ஓட்டு.
நமக்கு விழுந்தது பதினொன்று."
இயந்திரத்தில் கோளாறு என்று எழுதட்டுமா என்றேன்.
அந்தத் தலைப்பில் ஏற்கெனவே இருநூற்றுப் பதினான்கு.
தலையை ஆட்டினார்.
"பதினொரு பேரும் நான் சொன்னதற்காகப் போட்டவர்கள்.
பன்னிரண்டாவது நான்.
நம் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் உள்ளே போனேன்.
விரல் நகர்ந்துவிட்டது.
ஏன் என்று கேட்பீர்கள் என்று வந்தேன்."

ஏன் என்று கேட்டேன்.
கரண்ட் வரும்வரை சொன்னார்.
ஏழு வருஷத்துக்கு முன் போட்ட ஒரு கடிதத்தில் ஆரம்பித்து.
என் சுருக்கெழுத்தில் ஒன்றரைப் பக்கம்.

அறிக்கை நானூறு பக்கம் வந்தது.
பணம், ஊடகம், கூட்டணி, வெயில்.
சுக்கனை இணைப்பு ஒன்பதில் வைத்தேன்.
இணைப்புகள் அச்சாகவில்லை.

ஆகஸ்டில் வாஸ்துக்காரர் வந்தார்.
அவர் கையிலிருந்த திசைகாட்டிதான்
அந்தக் கட்டடத்தில் வடக்கு தெரிந்த ஒரே பொருள்.
தெற்கு வாசல் ஆகாது, எமன் திசை என்றார்.
தோற்றபின் முதன்முதலாக
எல்லாக் கையும் ஒன்றாக உயர்ந்தது.

இப்போது வாசல் ஈசானியத்தில்.
பின்சந்து. டிரான்ஸ்பார்மர், ஒரு இஸ்திரி வண்டி,
சைரன் இல்லாத கார்கள் திரும்ப இடம் போதாது.
பழைய வாசலைச் செங்கல் வைத்து அடைத்து
வெள்ளையும் அடித்தாயிற்று.

நேற்று பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன்.
துணிப்பையோடு யாரோ ஒருவர்
அந்தச் சுவருக்கு முன்னால்
முகவரிச் சீட்டையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தபடி.
முகவரி சரிதான், சுற்றிப் போகவேண்டும் என்றேன்.
எந்தப் பக்கம் என்று கேட்டார்.
கையைத் தூக்கினேன்.
தூக்கிய கையோடு நானும்
கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.